தெருப் பூங்காவைப் பராமரிக்கும் தன்னார்வலர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் (வேலூர்)

சத்துவாச்சாரி, காட்பாடி, தொரப்பாடி, பாகாயம் என்று எந்தப் பக்கம் போனாலும் நகருக்கு ஒரு பூங்கா இருக்கிறது. சுற்றுச்சுவர், துருப்பிடித்த சறுக்குமரம், நடுவே காய்ந்த புல். அதைக் கையில் எடுக்க நினைக்கும் குடியிருப்போர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

பூங்கா மாநகராட்சிக்குச் சொந்தம். நாங்கள் உள்ளே இறங்கி வேலை செய்யலாமா?

பெருக்குவதையும் களை பிடுங்குவதையும் தண்ணீர் ஊற்றுவதையும் யாரும் தடுக்கப் போவதில்லை. குழி தோண்ட, மரம் நட, கிளை வெட்ட, குழாய் இழுக்க, சுவரில் வண்ணம் அடிக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மாநகராட்சி ஆணையருக்கு ஒரு மனு, மண்டல அலுவலகத்துக்கும் வார்டு கவுன்சிலருக்கும் அதன் நகல். பூங்கா இருக்கும் தெரு, வார்டு எண், பொறுப்பேற்கும் இரண்டு பேர், செய்யப்போகும் வேலைகள் என ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள்.

மனுவில் பெரும்பாலோர் எழுத மறப்பது ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை. கரண்டு பில் யார் கட்டுவது, மோட்டார் எரிந்துபோனால் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் செலவு யாருடையது என்பதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சண்டையில் பாதி இதனால்தான்.

இடம் உண்மையிலேயே பூங்காவுக்கு உரியதா என்றும் பார்த்துவிடுங்கள். பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். லேஅவுட் வரைபடத்தில் ‘பூங்கா’ என்று போட்டிருந்தும் பத்திரம் எழுதப்படாமல் கிடக்கும் இடங்கள் உண்டு. அந்த இடத்தில் மரம் வைத்தால் நாளைக்கு யாராவது உரிமை கொண்டாடி வந்து நிற்பார்கள்.

1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் நலச்சங்கத்தைப் பதிவு செய்திருந்தால் வங்கிக் கணக்கு திறப்பதும், நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கைக் கட்டி வேலை கேட்பதும் எளிது. பதிவு இல்லை என்பதற்காகக் களை பிடுங்காமல் இருக்க வேண்டாம்.

எத்தனை பேர் வேண்டும்?

வாரம் தவறாமல் வரும் ஆறு பேர் போதும். வாட்ஸ்அப் குழுவில் நூறு பேர் இருப்பார்கள், கட்டை விரலும் காட்டுவார்கள். வேலைக் கணக்கில் அவர்களைச் சேர்க்காதீர்கள்.

ஞாயிறு காலை 6 முதல் 8 வரை என்று வைத்துக்கொள்ளலாம். பங்குனி முதல் ஆனி வரை அரை மணி முன்னதாகத் தொடங்கி ஏழரைக்கு முடித்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றுவது ஞாயிற்றுக்கிழமை வேலையே இல்லை. அதற்குத் தனியாக முறை போட வேண்டும்.

எத்தனை கன்று நடலாம்? நன்கொடையாக 200 கன்று தருகிறேன் என்கிறார் ஒருவர்.

வாங்காதீர்கள். வாங்கினாலும் எல்லாவற்றையும் நட்டுவிடாதீர்கள். முதலில் தண்ணீரை அளக்க வேண்டும்.

20 லிட்டர் பக்கெட்டைக் குழாயின் கடைசி முனையில், பூங்காவின் தூரத்து மூலையில் வைத்து நிரப்புங்கள். எத்தனை நொடி ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். அரை அங்குல டியூப்பில் 75 நொடி ஆனால் நிமிடத்துக்கு 16 லிட்டர் வருகிறது என்று அர்த்தம். முதல் கோடையில் ஒரு கன்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 15 லிட்டராவது வேண்டும். ஊற்ற ஒரு நிமிடம், டியூப்பை இழுத்து அடுத்த பாத்திக்குப் போக ஒரு நிமிடம். ஆக மணிக்கு 30 கன்று. ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் தருவார் என்றால், இன்று பாதி நாளைக்குப் பாதி என்று 60 கன்றைக் காப்பாற்றலாம். அதுதான் உங்கள் எண்ணிக்கை. அதற்கு மேல் நடுவதெல்லாம் சித்திரையில் குச்சியாக நிற்கும்.

மோட்டார் இல்லாமல் டேங்கரை நம்பியிருந்தால் அந்த எண்ணிக்கையையும் பாதியாக்குங்கள். வீட்டுக்கு வரும் காவிரி கூட்டுக் குடிநீரைச் செடிக்குத் திருப்பும் யோசனை வேண்டாம். குடத்தோடு காத்திருக்கும் தெருக்காரர்கள் முதல் வாரமே சண்டைக்கு வருவார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

எப்போது நடுவது?

ஆடி, ஆவணி மாலைகளில் இடியோடு பெய்யும் மழைதான் நமக்கு முதல் தவணை. வடகிழக்குப் பருவமழை இரண்டாவது. ஆவணி முதல் ஐப்பசி வரை நட்டால் வேர் பிடிக்க நான்கைந்து மாதம் கிடைத்துவிடும். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தில் நடுவது புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். அன்று கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், மண் இன்னும் சுடும். விழா அவசியம் என்றால் அன்று குழி தோண்டும் விழாவாக நடத்துங்கள். வெயிலில் ஆறிய குழி நல்லது.

குழி எவ்வளவு, என்ன போட வேண்டும்?

பாலாற்றுப் பக்கம், விருதம்பட்டு மாதிரி மணல் கலந்த மண்ணில் 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழம் போதும். மலையடிவாரத்தில் கடப்பாரை ‘டங்’ என்று தெறிக்கும் கப்பி மண்ணிலும், சுக்கான் (சுண்ணாம்புக் கல்) இருக்கும் இடத்திலும் 3 அடி எடுங்கள். மேல் முக்கால் அடி மண்ணைக் குழிக்கு ஒரு பக்கமும், அடி மண்ணை மறுபக்கமும் தனித்தனியாகக் கொட்ட வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் நல்ல மண் போய்விடும்.

நடுவதற்கு முன் குழி நிறையத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் அடியில் பாறையோ கட்டிட இடிபாடோ இருக்கிறது. பல பூங்காக்கள் கட்டிடக் கழிவைக் கொட்டி மேடாக்கிய இடங்கள்தான். ஒன்று வேறு இடம் பாருங்கள், அல்லது ஒரு அடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள்.

மேல் மண்ணோடு நன்றாக மக்கிய தொழுஉரம் ஒரு பெரிய கூடை (சுமார் 10 கிலோ), வேப்பம் பிண்ணாக்கு கால் கிலோ கலந்து குழியை நிரப்புங்கள். பச்சைச் சாணம் கூடாது. சூடு ஏறும், கரையானும் வரும்.

பையைப் பக்கவாட்டில் பிளேடால் கீறி முழுவதும் எடுங்கள். அடியை மட்டும் கிழித்து நடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. நர்சரியில் ஓராண்டு கிடந்த கன்றின் வேர் பைக்குள் பம்பரக் கயிறு மாதிரி சுற்றியிருக்கும். அந்தச் சுற்றை வெட்டி விடாவிட்டால் மரம் ஐந்தாறு வருடம் நன்றாக வளர்ந்து, ஒரு புயல் காற்றில் வேரோடு சாயும். சாய்ந்த மரத்தின் அடியைப் பார்த்தால் அதே சுருள் கட்டை விரல் தடிமனில் இருக்கும்.

பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, தரையிலும் அதே மட்டம். தண்டை மண்ணுக்குள் புதைத்தால் பட்டை அழுகும். ஐந்தடிக் குச்சி ஊன்றி, சணல் கயிற்றாலோ பழைய வேட்டித் துணியாலோ எட்டு போல் தளர்வாகக் கட்டுங்கள். கட்டுக்கம்பி வேண்டவே வேண்டாம்.

என்ன மரம் நல்லது?

புங்கன், வேம்பு, பூவரசு, நாவல், மகிழம், இலுப்பை, சரக்கொன்றை, மந்தாரை. நிழல் சீக்கிரம் வேண்டும் என்றால் புங்கன். அகலமான இடம் இருந்தால் மட்டும் நாவல், அதையும் நடைபாதைக்கு மேல் வைக்காதீர்கள். பழம் விழுந்து வழுக்கும். மின்கம்பிக்குக் கீழே மந்தாரை, நந்தியாவட்டை, பவழமல்லி போதும்.

கொனோகார்பஸ் கன்றை இலவசமாகக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுங்கள். அரச மரக் கன்று சுவர் வெடிப்பில் முளைத்தால் விரல் தடிமன் ஆவதற்குள் எடுத்து, இடம் உள்ள வேறு எங்காவது வையுங்கள். பெரிதான பிறகு வெட்டச் சொன்னால் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. செடி மஞ்சளாகிறது.

‘தண்ணீர் இல்லாத ஆறு’ என்று வேலூரைக் கேலி செய்யும் சொலவடை உண்டு. ஆற்றில் ஓடாததை ஆழ்துளையில் எடுக்கிறோம், அது பல இடங்களில் கடினநீர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான், ஒன்று வாங்குங்கள். 1000-க்குள் இருந்தால் பெரும்பாலான செடிகள் தாங்கும். 2000-ஐத் தாண்டினால் ரோஜாவை மறந்துவிடுங்கள். வேம்பு, புங்கன், பூவரசு, அரளியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உப்புத் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் தெளிப்பது மோசம். தண்ணீர் ஆவியாகி, உப்பு மேல் மண்ணில் வெள்ளைப் பொரியாகத் தங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிறைய விட்டால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். இலைமேல் படாமல் பாத்தியில் விடுங்கள். சொட்டுநீர்க் குழாய் போட்டவர்கள் மாதம் ஒருமுறை சொட்டுவானைக் கழற்றி வினிகரில் ஊறவைக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் சுண்ணாம்பு அடைத்துவிடும்.

மஞ்சள் என்றால் எப்படி மஞ்சள் என்று உற்றுப் பாருங்கள். இட்லிப்பூச் செடியின் இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக, வலை போல் தெரிய, மற்ற இடம் வெளுத்திருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்பு அதை விடாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, மாலையில் இலையில் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் மூன்று முறை. அடி இலைகள் முழுதாக மஞ்சளாகி உதிர்ந்தால் அது வேறு கதை: தழைச்சத்துக் குறையாக இருக்கலாம், தண்ணீர் தேங்குவதாகவும் இருக்கலாம். முதலில் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள்.

கத்திரி வெயிலில் என்ன செய்வது?

புதிதாக எதையும் நடாதீர்கள், கிளை கழிக்காதீர்கள், உரம் போடாதீர்கள். மூடாக்கு மட்டும் போடுங்கள். காய்ந்த இலையோ தென்னை நார்க்கழிவோ 3 அங்குலம் கனமாகப் பாத்தியில் பரப்பி, தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள். தண்டோடு ஒட்டிவிட்டால் கரையான் அந்த ஈரத்திலேயே ஏறிவிடும்.

மதியம் இலை வாடித் தொங்குவது பயப்படும் விஷயம் இல்லை. காலை ஆறு மணிக்கும் தொங்கினால்தான் தண்ணீர் போதவில்லை. புல்தரையைக் காய விடுங்கள். அருகம்புல் என்றால் முதல் மழையில் தானே தளிர்க்கும். கொரியன் புல் போட்டவர்கள்தான் பாவம்.

உதிரும் இலையை என்ன செய்வது? கொளுத்தினால் சீக்கிரம் முடிகிறதே?

கொளுத்தினால் புகை பக்கத்து வீட்டுக்குள் போகும், அடியில் வேர் வெந்துபோகும். மேலும் அது காசு கொடுத்து வாங்கும் உரம்.

12 அடி நீளம், 4 அடி உயரக் கோழிவலையை வளையமாகக் கட்டினால் நாலடிக்குச் சற்றுக் குறைவான குறுக்களவில் ஒரு கூண்டு கிடைக்கும். இதைவிடச் சிறியதாக இருந்தால் உள்ளே சூடு தங்காது. ஒரு அடி இலை, அதன்மேல் 5 கிலோ சாணத்தை ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்த கரைசல், இரண்டு கை பழைய குப்பை மண். மீண்டும் இலை. களைச் செடி, வெட்டிய புல் போன்ற பச்சை இருந்தால் நடுநடுவே சேருங்கள். பூவும் விதையும் வந்த களை உள்ளே போகக் கூடாது.

நாலைந்து நாள் கழித்து ஒரு கடப்பாரையை நடுவில் குத்தி, ஐந்து நிமிடம் விட்டு உருவி, நுனியைத் தொட்டுப் பாருங்கள். காபி டம்ளர் போல் சுட்டால் வேலை நடக்கிறது. சில்லென்று இருந்தால் பெரும்பாலும் ஈரம் இல்லை. நம் வெயிலில் வெளிச்சுற்று ஒரே நாளில் காய்ந்துவிடும், உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டு சொட்டு விழ வேண்டும். ஒழுகினால் அதிகம், அழுகல் நாற்றம் அதனால்தான். காய்ந்த இலை சேர்த்துக் கிளறுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை கூண்டைத் தூக்கிப் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றையும் புரட்டிப் போட்டால் மூன்று, நான்கு மாதத்தில் உரம் தயார். புங்கன் இலை வேகமாக மக்கும். அரசும் நாட்டு வாதுமையும் இழுத்தடிக்கும், கிழித்துப் போடுங்கள்.

கிளறும்போது கட்டை விரல் பருமனில் வெள்ளையாக, வளைந்த புழு வந்தால் அது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். சுற்றிலும் தென்னை இருக்கும் தெருவில் அதை விட்டுவைக்கக் கூடாது. பொறுக்கி அழியுங்கள்.

செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி அடைகிறது.

மாவுப்பூச்சி. முதலில் எறும்பு வரிசையைத் தேடுங்கள், பூச்சியை இடம் மாற்றிக் காவல் காப்பது அதுதான். அடைந்த நுனிகளை வெட்டிப் பையில் போட்டுக் கட்டி வெளியே அனுப்புங்கள், உரக்கூண்டில் போடாதீர்கள். மீதியை டியூப் தண்ணீரால் வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, மறுநாள் மாலை லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி சோப்புக் கரைசல் கலந்து அடியுங்கள். முதலில் சோப்பையும் எண்ணெயையும் குழைத்துவிட்டுத்தான் தண்ணீர் சேர்க்க வேண்டும். நேராகத் தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மிதக்கும், கடைசியில் வரும் தெளிப்பு இலையைக் கருக்கும். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். வெயிலில் அடிக்கவே கூடாது.

அதிகச் செடிகளுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் மலிவு. பருப்பு அரைக் கிலோவை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி 10 லிட்டராக்குங்கள். கொட்டை ஆனி, ஆடியில் மரத்தடியிலேயே கிடைக்கும். பொறுக்கி நிழலில் உலர்த்தி வையுங்கள், வெயிலில் காய்ந்ததும் பூசணம் பிடித்ததும் வேலை செய்யாது. தீராத பூச்சி என்றால் பாதித்த கிளையைப் பையில் போட்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம்.

வேப்ப மரம் நுனியெல்லாம் கருகி நிற்கிறது. செத்துவிடுமா?

பெரும்பாலும் சாகாது. தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சி குத்திய இடத்தில் பூஞ்சணம் ஏறி நுனிகள் கருகுகின்றன. மழைக்காலத்தில் தெரியும், பங்குனியில் புதுத் தளிர் வந்துவிடும். பட்டுப்போனது என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் உள்ளே பச்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

பார்த்தீனியம்?

பூக்கும் முன், மழை பெய்த மறுநாள், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். ஆஸ்துமா, தோல் அரிப்பு உள்ளவர்களை இந்த வேலையில் விடாதீர்கள். சுவர் ஓரமும் நடைபாதை இடுக்கும் என்றால் லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்புக் கரைசல் கருக்கிவிடும், பாத்திக்கு அருகே அது வேண்டாம். கோரையை மட்டும் மண்வெட்டியால் கொத்தாதீர்கள். ஒரு கிழங்கு நாலாக உடைந்து நாலும் முளைக்கும்.

கிளை மின்கம்பியில் உரசுகிறது. நாங்களே வெட்டலாமா?

கூடாது. ஈரத் துரட்டியும் இரும்பு அலக்கும் கரண்டைக் கடத்தும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் புகார் சொல்லி, லைன் நிறுத்தப்பட்ட பிறகு அவர்களே வெட்ட வேண்டும். முழு மரத்தை எடுக்க வேண்டுமென்றால், பொது இடம் என்பதால், மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை.

மரத்தடி வரை பேவர் பிளாக் பதிக்க ஒப்பந்தக்காரர் வந்தால் அன்று ஒருவராவது கூடவே நில்லுங்கள். தண்டைச் சுற்றி மூன்றடி மண் விட வேண்டும் என்று அப்போது சொல்வது எளிது. பதித்த பிறகு பெயர்ப்பது உங்கள் வேலையாகிவிடும்.

பாம்பு வருகிறது.

மலை சூழ்ந்த ஊர், வரத்தான் செய்யும். செங்கல் குவியல், இலைக் குப்பை, எலி வளை மூன்றையும் சுவர் ஓரத்தில் சேரவிடாதீர்கள். குப்பையை அள்ளும் முன் குச்சியால் கிளறுங்கள், வெறுங்கையால் எடுக்க வேண்டாம். சுருட்டை விரியன் சிறியது, மண் நிறம், கல்லோடு கல்லாகக் கிடக்கும். பாம்பைக் கண்டால் தள்ளி நின்று தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும்.

ஆடி மாதம் வேப்பிலைக்காகக் கிளையை முறிக்கிறார்கள். பூவையும் விடுவதில்லை.

கூழ் ஊற்றும் ஊரில் வேப்பிலையைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். முதிர்ந்த இரண்டு மரங்களை ஒதுக்கி, வியாழன் மாலை நீங்களே கத்தரியால் கொத்து கொத்தாக வெட்டி வாசலில் வைத்துவிடுங்கள். இளங்கன்று தப்பும். பூவுக்கும் அதே வழி: சுவர் ஓர அரளியும் நந்தியாவட்டையும் எல்லாருக்கும், உள்பாத்தி பார்க்க மட்டும். ‘பூ பறிக்காதீர்’ பலகையை விட இது பலன் தருகிறது.

ஆடு புகுந்து மேய்கிறது என்றால் அதற்கு வழி உயிர்வேலி. ஆடாதொடையையும் நொச்சியையும் ஆடு தொடாது. பென்சில் தடிமனில் ஒரு அடிக் குச்சியைச் சாய்வாக வெட்டி, மூன்று கணுவாவது மண்ணுக்குள் போகும்படி ஒரு அடி இடைவெளியில் இரட்டை வரிசையாக ஊன்றுங்கள். புரட்டாசி, ஐப்பசியில் ஊன்றினால் அடுத்த கோடைக்குள் முழங்கால் உயரம் வந்துவிடும். தலைகீழாக ஊன்றாமல் பாருங்கள், கூட்டமாக வேலை செய்யும்போது இது சகஜம்.

மழைக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

புரட்டாசியில் வடிகாலைத் தூர் வாருங்கள். காய்ந்த கிளைகளை எடுங்கள். குச்சிக் கட்டுகளைச் சரிபாருங்கள். தொட்டித் தட்டு, உடைந்த பிளாஸ்டிக் குதிரை, டயர் ஊஞ்சல் எல்லாவற்றிலும் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கவிழ்க்க வேண்டும். டெங்கு கொசுவுக்கு ஒரு வாரம் போதும். டயரில் அடியில் ஓட்டை போட்டால் அந்த வேலை மிச்சம்.

எத்தனை வருடம் தண்ணீர் ஊற்றுவது?

மூன்று கோடை. முதல் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் 15 லிட்டர், இரண்டாவதில் வாரம் இருமுறை 30 லிட்டர், மூன்றாவதில் 10 நாளுக்கு ஒருமுறை பாத்தி நிறைய. ஒவ்வோர் ஆண்டும் பாத்தியை ஒரு அடி அகலப்படுத்துங்கள். வேர் தண்ணீரைத் தேடி வெளியே போக வேண்டும், தண்டுக்கு அடியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தால் போகாது.

பலர் இரண்டாம் கோடையில்தான் கைவிடுகிறார்கள். மரம் ஆள் உயரம் வந்திருக்கும், பிழைத்துக்கொண்டது போலத் தெரியும். சுக்கான் மண்ணில் அந்த வயது வேர் இன்னும் குழிக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாம் கோடை முடிந்ததும் குச்சியை எடுத்துவிட்டு, கன்றைச் சுற்றி இரும்புக் கூண்டு வைத்திருந்தால் அதையும் கழற்றுங்கள். கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தால் இழுக்க வேண்டாம். இரண்டு பக்கமும் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டு உள்ளே போன துண்டை அப்படியே விட்டுவிடுங்கள். கழற்றிய கூண்டு அடுத்த கன்றுக்கு ஆகும்.